அம்புக்குறிக் கொப்பி

ஒக்டோபர் 12, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். உடுப்பு ஒன்றும் காயவில்லை. ஒன்பதாம் வகுப்புக் கணக்குத் தாள்கள் 31. திருத்தவில்லை.

எம்.எஸ்ஸி. பௌதிகப் பாடத்தில் இலத்திரனின் ஸ்பின், அதைக் குறிக்கிற அம்புகள். மூன்று வாரமாக மண்டையில் ஏறாதது இன்று வெள்ளவத்தை பஸ்ஸில் ஏறிவிட்டது. மேல் அம்பு: ஒன்று, அதன் கீழ் பூச்சியம். கீழ் அம்பு: பூச்சியம், அதன் கீழ் ஒன்று. இரண்டையும் கூட்டி ரூட் இரண்டால் வகுத்தால் வலது அம்பு. கழித்து வகுத்தால் இடது. மேலா கீழா என்று அளந்தால் வலதும் இடதும் ஒரே மாதிரி, பாதிக்குப் பாதி. ஆனால் வேறு வேறு நிலைகள். அந்த மைனஸ், பக்கவாட்டில் அளந்தால்தான் தெரியும். கொப்பியில் ஐந்து பக்கம் அம்பாகக் கீறித் தள்ளினேன்.

தம்பி எட்டிப் பார்த்தான். "உதென்ன அக்கா, ட்ரஃபிக் போர்டோ?" அவனுக்குக் கணக்கு என்றால் காய்ச்சல். எனக்கு வெட்கமில்லாத சந்தோஷம்.

ஒக். 13, புதன்

விடிய ஐந்துக்கு ஒழுங்கை முழுக்கப் பொலிஸ் செக்கிங், எங்கள் வீட்டிலும். அடையாள அட்டை, பொலிஸ் பதிவு, எல்லாம் சரி. பிறகு மேசையில் கொப்பி. அம்புகளை ஏதோ சங்கேதம் என்று நினைத்த இன்ஸ்பெக்டர், "மேக்க மொகத்த?" இது என்னவாம்.

நான் வாய் திறக்குமுன் தம்பி, "மகே, சேர்." தன்னுடையதாம். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்து ஏழு வாரம். தெரிந்த சிங்களம் அவ்வளவுதான்.

கொப்பியையும் அவனையும் கொண்டுபோனார்கள். கொப்பி என்னுடையது என்று நான் சொல்லவில்லை.

வீட்டுக்கார அன்ரி: "அவன் உம்மைக் காப்பாத்திப் போட்டான், பிள்ளை."

ஒக். 14, வியாழன்

பொலிஸ் ஸ்டேஷனுக்குச் சோற்றுப் பார்சல், உடுக்கச் சாரம், பற்பசை. இரண்டு நிமிடம் தம்பியைப் பார்க்க விட்டார்கள். கன்னம் வீங்கியிருந்தது. கதவில் இடிபட்டதாம்.

"படிப்பெண்டு சொன்னனான் அக்கா. அப்ப விளங்கப்படுத்து எண்டினம்."

பார்சலைப் பிரிக்கிற சாட்டில் சொல்லிக் கொடுத்தேன். "மேல் அம்புக்கு ஒண்டு, கீழ பூச்சியம். மற்றதுக்கு மாறி. கூட்டினா வலது, கழிச்சா இடது."

"ஏன் கழிக்கிறது?"

மூன்று வாரமாக நான் முட்டிக்கொண்ட கேள்வி. கான்ஸ்டபிள் கையைக் காட்டினான், நேரம் முடிந்தது.

பயந்தாங்கொள்ளி நான். எழுதி வைக்கிறேன்.

ஒக். 15, வெள்ளி

போனேன். கொப்பி என்னுடையது என்று சிங்களத்தில் சொன்னேன். இன்ஸ்பெக்டர் வெற்றுத்தாள் தந்தார். அரை மணி நேரம். அம்பு, நிரல், கூட்டல், மைனஸ். வகுப்பில் கூட இவ்வளவு தெளிவாகப் படிப்பித்ததில்லை. யாரோ விரிவுரையாளருக்குப் போன் எடுத்து வாசித்துக் காட்டினார். தலையாட்டினார்.

கொப்பியைத் திருப்பித் தந்தார், ஒரு பக்கமும் கிழியாமல். மிஸ்ஸில் சந்தேகமில்லையாம்.

"தம்பி?"

"மிஸ் சொன்னது உண்மை. அப்போ அவன் சொன்னது பொய். ஏன் பொய் சொன்னான்?"

எனக்காக என்றேன். எழுதிக்கொண்டார்.

சோற்றுப் பார்சலைக் கொடுக்கக் கேட்டேன். காலையிலேயே அவனை வேறு இடத்துக்கு ஏற்றிவிட்டார்களாம். எங்கே என்று கேட்டேன். சொல்லவில்லை.