எட்டு மணிப் பூட்டு

பேரையூர்,
15.6.1986

அன்புள்ள ரெங்கம்மாளுக்கு,

உன் வீட்டுக்காரன் வெள்ளைத்துரை எழுதுவது. சுகமாக இருக்கிறேன் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். இல்லை என்று எழுதினால் மகள் பயந்துவிடுவாள். இரண்டுக்கும் நடுவில் இருக்கிறேன் என்று வைத்துக்கொள். பேரன் குப்புற விழுந்துவிட்டானாமே! போன வாரம் நானும் விழுந்தேன், கிணற்றடியில். கொண்டாடத்தான் ஆள் இல்லை.

தை மாதம் மகள் பேறுகாலத்துக்கு என்று மதுரைக்குப் போனவள் நீ. கே.கே. நகர் மாடியில் காற்று பிரமாதமாக வருகிறது என்று மாப்பிள்ளை சொன்னார். இங்கேயும் வருகிறது ரெங்கம்மா, ஆடி பிறக்கும் முன்பே ஓட்டைத் தூக்கப் பார்க்கிறது. சாப்பாடு ஒச்சாயி இட்லிக்கடையில். காலையில் இட்லி, ராத்திரி காலையில் மிஞ்சின இட்லி. ஒரு நாள் நானே சோறு வடித்தேன். கஞ்சி வேறு, சோறு வேறாக வரவேண்டுமாம். எனக்கு இரண்டும் பிரிய மனசில்லாமல் ஒன்றாகவே வந்தன.

பெரிய செய்தி ஒன்று. நம்முடைய மனமகிழ் மன்றத்துக்கு விமோசனம் வந்துவிட்டது. (நம்முடைய என்று எழுதிவிட்டேன், நீ அதன் வாசலைக்கூட மிதித்ததில்லை.) மழைக்காலத்தில் கேரம் போர்டுக்குக் குடை பிடித்துக்கொண்டு ஆடுகிறோம் என்று நான் எழுதின மனுவைப் படித்து ஒன்றியத்தில் யாரோ சிரித்திருக்கிறார்கள். சிரித்த பாவத்துக்குப் பணம் ஒதுக்கிவிட்டார்கள். ஓடு மாற்றலாம், சுவர் பூசலாம், பூப்பந்து மைதானத்துக்கு விளக்குப் போடலாம். ஒரே நிபந்தனை, ஊர் ஜனங்களைக் கூட்டி என்ன வேண்டும் என்று கருத்துக் கேட்கவேண்டுமாம். செயலாளர் நான்தானே, நான்தான் கூட்டவேண்டும். வீட்டில் இருந்த ஒரு ஆளிடம் கருத்துக் கேட்டுப் பழக்கமில்லாதவன் ஊரிடம் எப்படிக் கேட்பான் என்று நீ முணுமுணுப்பது இங்கே கேட்கிறது.

எப்போது வருகிறாய்?

இப்படிக்கு,
இட்லியால் இளைத்த
வெள்ளைத்துரை


கே.கே. நகர், மதுரை,
22.6.1986

மச்சானுக்கு ரெங்கம்மாள் எழுதிக்கொண்டது.

கடுதாசி வந்தது. மகள் சத்தம்போட்டுப் படித்துச் சிரித்தாள். "மாமா மாதிரி ஒரு ஆளு எங்க ஆபீஸ்ல இருந்தா பொழுது போறதே தெரியாது" என்றார் மாப்பிள்ளை. உங்களோடு இருக்காதவர்களுக்கெல்லாம் உங்களை ரொம்பப் பிடிக்கிறது.

கிணற்றடியில் விழுந்ததில் அடி இடுப்பிலா, முட்டியிலா? எல்லாவற்றையும் வேடிக்கையாகவே எழுதினால் வலித்ததா இல்லையா என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது? விளக்கெண்ணெய் அடுப்படி மேல்பலகையில் இருக்கிறது. சூடு காட்டித் தேயுங்கள்.

இங்கே சாயங்காலத்தில் எனக்கு வேலையே இல்லை. எட்டரைக்குள் எல்லோரும் சாப்பிட்டு முடித்துவிடுகிறார்கள். மாப்பிள்ளை அவர் தட்டை அவரே கழுவி வைக்கிறார். முதல் நாள் பதறிப்போய்ப் பிடுங்கினேன். இப்போது பிடுங்குவதில்லை. ராத்திரி யாருக்கும் கதவு திறக்க எழுந்திருக்க வேண்டாம். படுத்தால் தூக்கம் வருகிறது. இத்தனை வருஷம் எனக்குத் தூக்கம் பற்றாமல் இருந்தது என்பதே இங்கே வந்து தூங்கின பிறகுதான் தெரிந்தது.

கருத்துக் கேட்பது என்றால் பொம்பளைகளிடமும் கேட்பார்களா? விசாரித்து எழுதுங்கள்.

எப்போது வருகிறாய் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகட்டும், பார்க்கலாம்.

ரெங்கம்மாள்


பேரையூர்,
6.7.1986

அன்புள்ள ரெங்கம்மாளுக்கு,

அடி இடுப்பில். விளக்கெண்ணெய் கிடைத்தது. முதுகுக்குத் தேய்த்துவிட எண்ணெய்க்குத் தானாகக் கை முளைக்கவில்லை.

கருத்துக் கேட்டாகிவிட்டது. கேட்டதில் காதுதான் நொந்தது. நம்மூரில் மேசை போட்டு ஒரு அதிகாரி உட்கார்ந்துவிட்டால் போதும், என்ன கூட்டம் என்று விசாரிக்காமல் ஆளுக்கொரு மனுவோடு வந்துவிடுவார்கள். முதலில் சின்னான். டி. கல்லுப்பட்டி பஸ் அவன் வீட்டு வாசலில் நிற்கவேண்டுமாம்.

"மன்றத்துக்கு என்ன வேணும்னு சொல்லுய்யா" என்றார் அதிகாரி.

"மன்றத்துக்கு வர்றவுக எறங்கத்தான் சாமி கேக்குறேன்."

அடுத்தவர் பேயாண்டி, பட்டா மாறுதல். அதற்கடுத்து முதியோர் பென்ஷன் கேட்டு ஒரு வரிசை. அதிகாரி மூஞ்சியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். என் சீட்டுக் கூட்டாளி காளை, நீ காப்பி போட்டே ஓய்ந்துபோன அதே காளை, டெலிவிஷன் பெட்டி கேட்டான். கொடைக்கானலில் டவர் வரப்போவதாகப் பேச்சு. "பொட்டிய மொதல்ல வாங்கிருவோம். பொட்டியப் பாத்தா டவர் தன்னால வரும்" என்கிறான்.

கடைசியில் ஒச்சாயி எழுந்தாள். கடையை அப்படியே போட்டுவிட்டு, கையில் கரண்டியோடு.

"ஓடு மாத்துங்க, வெளக்குப் போடுங்க, என்னமும் செய்ங்க. எட்டு மணி ஆனா பூட்டிருங்க."

"பூட்டிட்டு?" என்றான் காளை.

"வீட்டுக்குப் போங்க."

"வீட்டுல போயி என்ன செய்ய?"

"அது அங்க போனாத்தான தெரியும்? வழி மறந்துபோச்சுன்னா சொல்லுங்கண்ணே, நான் கூடவந்து காட்டுறேன்."

ஓரமாக நின்ற பொம்பளைகள் எல்லாம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஆம்பளைகள் போட்ட கூச்சலில் பழைய ஓடு இரண்டு இறங்கியிருக்கும். அதிகாரி மேசையைத் தட்டி, பெண்களுக்கென்று தனியாக ஒரு நாள் வையுங்கள், அவர்கள் கருத்தும் இருந்தால்தான் பணம் என்று சொல்லிவிட்டார். உன் கேள்விக்கு அதுதான் பதில். வருகிற பதினாறாம் தேதி புதன்கிழமை, சாயங்காலம் நாலு மணி. நேரம் குறித்துக் கொடுத்தது நான்.

மறுநாள் ஒச்சாயி என் இட்லிக்குச் சட்னி ஊற்றவில்லை.

எனக்கும் ஓய்ச்சலாகத்தான் இருக்கிறது. ராத்திரி மன்றத்திலிருந்து வந்து நானே கதவைத் திறந்துகொள்கிறேன். அந்தப் பூட்டில் சாவி எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியவே சில நாள் ஆயிற்று.

எப்போது வருகிறாய்?

வெள்ளைத்துரை


மதுரை,
10.7.1986

மச்சானுக்கு,

புதன்கிழமை நாலு மணி என்பதை நினைவில் வைத்துக்கொண்டேன். நல்ல நேரம்தான். மத்தியான வேலை ஒழிந்திருக்கும், ராத்திரி உலை வைக்க நேரம் இருக்கும். அந்நேரம் வெயில் சாய்ந்திருக்காது, பெஞ்சைத் தாழ்வாரத்தில் போடச் சொல்லுங்கள். பொம்பளைகள் கூட்டத்தில் பேசிப் பழகாதவர்கள். அவர்கள் பேசும்போது ஊடே நீங்கள் வேடிக்கை பேசாதீர்கள். உங்கள் வேடிக்கைக்கு எல்லோரும் சிரித்துவிடுவார்கள், சொல்ல வந்தவள் உட்கார்ந்துவிடுவாள்.

மகளுக்கு உடம்பு தேறிவிட்டது. பிள்ளையை அவளே குளிப்பாட்டுகிறாள். என் சேலைகளைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன்.

ரெங்கம்மாள்


பேரையூர்,
17.7.1986

அன்புள்ள ரெங்கம்மாளுக்கு,

நேற்று உன் புருஷன் செய்த காரியத்தைக் கேட்டால் இடுப்பு வலிக்கச் சிரிப்பாய். (என் இடுப்பு இப்போது தேவலை.)

பெண்கள் கருத்துக் கூட்டத்துக்கு ஒரு காக்காய்கூட வரவில்லை! எப்படி என்று கேள். நீ இருந்தபோது தெருக் குழாயில் விடியற்காலை தண்ணீர் வரும் அல்லவா? புது மோட்டார் போட்டதிலிருந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வருகிறது, அதுவும் சாயங்காலம் நாலு மணிக்கு. நேற்றுப் புதன்கிழமை தண்ணீர் முறை. எந்தப் பொம்பளை குடத்தை விட்டுவிட்டுக் கருத்துச் சொல்ல வருவாள்? பஞ்சாங்கம் பார்த்து முகூர்த்தம் வைக்கிறவர்கள் உண்டு, குழாயைப் பார்த்து வைத்தவன் நான் ஒருத்தன்தான். காளை என்னைக் கட்டிப்பிடித்து, "மாப்ள, நீ மந்திரியா இருக்கவேண்டிய ஆளு" என்றான்.

முன்கூடத்தில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டுவிட்டு நாங்கள் உள்ளறையில் சீட்டுக்கு உட்கார்ந்துவிட்டோம். ஐந்து மணிக்கு அதிகாரி ஜீப்பில் வந்தார்.

"யாரும் வரலையா?"

"வரலைங்க. நம்மூருப் பொம்பளைகளுக்குக் கொறையே இல்லைங்க."

'பெண்கள் தரப்பில் ஆட்சேபணை இல்லை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். பேசாதவர்கள் சம்மதித்தவர்கள். மன்றத்தில் இது பழைய சட்டம், சந்தாவை ஏற்றும்போதெல்லாம் இதை வைத்துத்தான் ஓட்டியிருக்கிறோம்.

இனி மன்றம் எப்போதும்போல. வேலை ஆடியில் தொடங்க வேண்டாம் என்கிறார்கள், ஆவணியில் பார்த்துக்கொள்ளலாம். நீயும் ஆவணிக்கு வந்துவிடு.

மந்திரி
வெள்ளைத்துரை


மதுரை,
20.7.1986

மச்சானுக்கு,

கடுதாசி வந்தது. மகள் சத்தம்போட்டுப் படிக்க ஆரம்பித்தாள், பாதியில் நிறுத்திவிட்டு என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

நான் வந்திருந்தேன்.

புதன்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பஸ் ஏறினேன். நாலு மணிக்கு முன்னாலேயே வந்துவிட்டேன். வழியில் குழாயடியில் ஊரே நின்றது. ஒச்சாயி குடத்தோடு ஓடிவந்து, "எக்கா, நீ முன்னால போ, இதுகள நெரப்பிட்டு வந்துர்றோம்" என்றாள். சாயங்காலத்தில் தண்ணீர் விடுகிறார்களே, பாவம் என்றுதான் நினைத்தேன். யார் வைத்த முகூர்த்தம் என்று எனக்கு அப்போது தெரியாது.

மன்றத்து வாசலை முதல் தடவையாக மிதித்தேன். உள்ளே நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. அதில் உட்காரக் கூச்சமாக இருந்தது, தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்தேன். உள்ளறையில் சீட்டு விசிறுகிற சத்தம் கேட்டது. நீங்கள் என்னமோ சொன்னீர்கள், எல்லோரும் சிரித்தார்கள். வீட்டில் நீங்கள் அந்தக் குரலில் பேசி நான் கேட்டதில்லை. நல்ல குரல்.

காளையண்ணன் பீடி பற்றவைக்க வெளியே வந்தார். என்னைப் பார்த்து, "கூட்டமெல்லாம் இல்லம்மா, யாரும் வரல, போங்க" என்றார். எத்தனை வருஷம் நம் வீட்டில் காப்பி குடித்தவர். காப்பி கொடுத்த கையைத்தான் அவருக்குத் தெரியும்போல, மூஞ்சி தெரியவில்லை. கூப்பிட்டு, "நான்தாண்ணே" என்று சொல்லியிருக்கலாம். அலுப்பாக இருந்தது.

கொஞ்ச நேரம் பார்த்தேன். பஸ் வந்தது, ஏறிவிட்டேன். பையில் துணிமணி எல்லாம் எடுத்துக்கொண்டுதான் வந்திருந்தேன்.

நான் என்ன சொல்ல வந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். ஒச்சாயி எட்டு மணி என்று நிற்பாள், ஆம்பளைகள் முடியாது என்பார்கள், அதனால் நான் எழுந்து, "ஒம்பதுன்னு வைங்கய்யா" என்று சொல்லலாம் என்று இருந்தேன். உங்களுக்காக ஒரு மணி நேரம் கூட்டிக் கேட்கத்தான் வந்தேன். வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

ஆவணிக்கு வருவதாக இல்லை.

ரெங்கம்மாள்


பேரையூர்,
17.8.1986

ரெங்கம்மாளுக்கு,

உன் கடுதாசியில் சிரிக்கிற இடம் எங்கேயாவது இருக்கும் என்று திரும்பத் திரும்பத் தேடினேன். இல்லை.

அதிகாரியிடம் போய், நாலு மணி வைத்தது என் வேலை என்று சொன்னேன். "தெரியும்யா" என்றார். தெரிந்துதான் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

போன வாரம் பகல் பதினோரு மணிக்கு மறுபடி கூட்டினேன். வீடு வீடாக நானே போய்ச் சொன்னேன். வந்த கூட்டத்தை மன்றம் கொள்ளவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. எட்டு மணிக்குப் பூட்டு என்று முடிவாயிற்று. ஒன்பது என்று கேட்கலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. அதைக் கேட்க வேண்டிய ஆள் மதுரையில் இருக்கிறாள் என்று விழுங்கிவிட்டேன். காளை என்னோடு பேசுவதில்லை. உன்னை அடையாளம் தெரியாமல் போனதற்கு அவனுக்கு வருத்தமில்லை, எட்டு மணிக்குத்தான் வருத்தம்.

இப்போதெல்லாம் எட்டேகாலுக்கு வீட்டில் இருக்கிறேன். வந்து என்ன செய்வதென்று தெரியவில்லை. கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வெளியே நின்று தட்டும்போது அது சின்னக் கதவாகத்தான் இருந்தது. உள்ளே இருந்து பார்த்தால் ரொம்பப் பெரிசாக இருக்கிறது.

எப்போது வருகிறாய் என்று கேட்கவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே வாரேன். பேரனையும் பார்த்த மாதிரி இருக்கும். வரவேண்டாம் என்றால் ஒரு கார்டு போடு. கார்டு வராவிட்டால் உனக்குச் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

வெள்ளைத்துரை


மதுரை,
20.8.1986

மச்சானுக்கு,

இப்போது வரவேண்டாம்.

பேசாதிருந்தால் சம்மதம் என்று எழுதிக்கொள்வது உங்கள் மன்றத்துச் சட்டம். அதனால்தான் கார்டு வாங்கி, நானே எழுதி, நானே கொண்டுபோய்ப் பெட்டியில் போடுகிறேன்.

கோபம் இல்லை. இன்னும் கொஞ்ச நாள் தூங்கவேண்டியிருக்கிறது. வாருங்கள் என்று சொல்லத் தோன்றினால் அதையும் நானே எழுதுவேன். அதுவரைக்கும் நான் சும்மா இருப்பதை, சும்மா இருக்கிறாள் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ரெங்கம்மாள்