குழாய் வராத வழி

அண்ணாத்தே,

காலையில் அண்ணனூர் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டேன். கத்தரிக்காய்ப் பையோடு நான் வெயிலில் நிற்க, எண்ணெய் டாங்கி வேகன்கள் ஒவ்வொன்றாக ஆடியசைந்து போயின. கடைசி வேகன் போன பிறகும் அந்த நெடி போகவில்லை. பக்கத்தில் நின்ற சைக்கிள்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டார். எனக்கு உன் காக்கிச் சட்டை ஞாபகம் வந்துவிட்டது. கேட் திறந்த பிறகும் நகராமல் நின்றேன் என்று பின்னால் இருந்தவர் திட்டினார்.

அந்தச் சட்டையை அம்மா தனியாகத்தான் துவைப்பாள். எவ்வளவு சவுக்காரம் போட்டாலும் நெடி போகாது. "இது எண்ண நாத்தம் இல்ல தங்கச்சி, நம்ம ஊட்டு சோத்து வாசன" என்பாய். காலி டாங்கிக்குள் இறங்கி, அடியில் தங்கிய கசடை வாரும் வேலை உனக்கு. காண்ட்ராக்டர் ஆள்தான், நிரந்தரம் கிடையாது. வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தால் தலை சுற்றும். கொஞ்ச நேரம் சுவரில் சாய்ந்திருந்துவிட்டுத்தான் தட்டில் கை வைப்பாய்.

அப்போதுதான் குழாய்ப் பேச்சு கிளம்பியது. துறைமுகத்தில் இறங்கும் எண்ணெய் இனி ரயிலில் போகாது, மண்ணுக்கடியில் குழாயிலேயே போகும் என்றார்கள். ஆவடியில் ஓயாமல் கூட்டம். குழாய் வந்தால் தொழிலாளி வயிற்றில் அடி என்று மேசையைக் குத்திப் பேசியவர், தேர்தலில் ஜெயித்ததும் குழாய்தான் முன்னேற்றம் என்றார். தோற்றவர், அதுவரை குழாய்க்காகப் பேசியதையெல்லாம் மறந்துவிட்டுத் தொழிலாளிகள் உங்கள் பக்கம் வந்து நின்றார். நீ இரண்டு பேர் கூட்டத்துக்கும் போய்க் கோஷம் போட்டுத் தொண்டை கட்டி வந்தாய்.

எனக்கோ அந்தக் குழாய் வந்துவிட வேண்டும் என்று இருந்தது. கோவில்பதாகையில் எங்கள் வயல் வழியாகத்தான் அது போவதாக இருந்தது. அளக்க வந்தவர்கள் வரப்பில் ஒரு கல்லை நட்டு, வெள்ளையடித்துவிட்டுப் போனார்கள். என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். நான் உன்னிடம் நேராகவே சொன்னேன்: "வயலு போனா போவுது அண்ணாத்தே. நீ அந்த டாங்கிக்குள்ள எறங்காம இருந்தா போதும்."

நீ சிரித்தாய். "எறங்கலன்னா இன்னா வேல கீது எனக்கு? பாக்டரில நாற்காலி போட்டு வெச்சிகினு கீறாங்களா?"

அடுத்த வெள்ளிக்கிழமை பார்த்தால் அந்தக் கல்லுக்கு மஞ்சள் பூசியிருந்தது. குங்குமம், வேப்பிலை, எலுமிச்சம்பழம். பக்கத்தில் கற்பூரத் தட்டோடு நீ! கோயில் வாசலை மிதிக்காதவன், "கல்லுக்கு இன்னா தெரியும்?" என்று அம்மாவைக் கேலி பண்ணியே வளர்ந்தவன். தெருப் பெண்கள் எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அளக்கிறவர்கள் திரும்பி வந்தபோது, கல்லைத் தொட அவர்கள் கூட்டி வந்த ஆட்களே பயந்தார்கள். மேஸ்திரி செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். அதன்பிறகு ஒருவரும் வரவில்லை. குழாயை வேறு வழியாகக் கொண்டுபோனார்களா, கைவிட்டார்களா, எங்களிடம் யாரும் சொல்லவில்லை.

"பாத்தியா, ஜெயிச்சிட்டோம்" என்று உடைத்த தேங்காய் மூடியை என் கையில் வைத்தாய். வாங்கிக்கொண்டேன். சிரிப்புத்தான் வரவில்லை.

அதற்கடுத்த கோடையில், டாங்கிக்குள் மயங்கி விழுந்த கூட்டாளியைத் தூக்க நீ இறங்கினாய். அவரை மேலே தள்ளிவிட்டாய். நீ ஏறி வரவில்லை. மேடையில் பேசிய அந்த இரண்டு பேரும் மாலையோடு வந்தார்கள், ஒரே காரில்.

இப்போது வயல் இல்லை. பிளாட் போட்டு விற்றாகிவிட்டது. கல் மட்டும் இருக்கிறது. தகரக் கூரை போட்டிருக்கிறார்கள். ஆடி மாதம் கூழ் ஊற்றி, தானாகத் தோன்றிய அம்மன் என்று ஒலிபெருக்கியில் சொல்கிறார்கள். நான் மறுத்துப் பேசுவதில்லை. எனக்கு அலுத்துவிட்டது அண்ணாத்தே. குழாயா ரயிலா என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து உள்ளே போய்விடுகிறேன்.

வெள்ளிக்கிழமை மட்டும் அங்கே போகிறேன். மற்றவர்கள் பிள்ளைக்கும் வேலைக்கும் வேண்டிக்கொள்கிறார்கள். நான் கற்பூரத்தை ஏற்றிவிட்டு ஒன்றே ஒன்று கேட்கிறேன்: "அன்னிக்கு கொஞ்சம் நவுந்து குழாய்க்கு வழி உட்டிருக்கக் கூடாதா, தாயே?"

கல்லுக்கு இன்னா தெரியும் என்பாய். தெரியாதுதான். வேறு யாரைப் போய்க் கேட்பேன்?