மின்னல் விழுந்த செவ்வாய்க்கிழமை

அன்புள்ள சிட்டுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் சுகம். அந்த வடதுருவத்துப் பனியில் நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கினாலே எனக்குப் போதும். இனி சொல்லப்போவதைப் படித்துப் பதறாதே, எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது. போனில் சொன்னால் நீயும் அழுவாய், நானும் அழுவேன், ஒன்றும் விளங்காது, அதனால்தான் கடிதம்.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் அப்பா மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் இரும்பு ஸ்டாண்டுக்கு வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தார். வானம் கறுத்துவிட்டது, இறங்கி வாருங்கள் என்று கூப்பிட்டால், "இன்னும் ஒரு கால்தான் பாக்கி" என்கிறார். நானே மேலே போனேன். அவர் முகமூடியைக் கழற்றினார், தலைமுடி மொத்தமும் குத்திட்டு நின்றது. "முடி தூக்கி நின்னா யோசிக்காதம்மா, உள்ள ஓடு" என்று நீ ஒருமுறை சொன்னாயே, சட்டென்று அது நினைவுக்கு வந்தது. சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடிவந்தேன். கல்யாணமான இத்தனை வருடத்தில் அவரை இழுத்தது அதுதான் முதல் தடவை. படிக்கட்டுக் கதவைச் சாத்துவதற்குள் ஸ்டாண்டின் மேல் மின்னல் விழுந்தது. வீடே அதிர்ந்து, தொட்டி பிளந்து, தண்ணீர் எங்கள் மேலேயே கொட்டியது. அப்பாவுக்கு வலது காதில் இரைச்சல் இருக்கிறது, போகப் போகக் குறையும் என்கிறார் டாக்டர்.

அன்று சாயங்காலம், "முடி நிக்கும்னு உனக்கு யார் சொன்னது?" என்று கேட்டார். உங்கள் மகள்தான் என்றேன். நீ அங்கே படிக்கப் போன கோபத்தில் இந்த இரண்டு வருடமாக உன் பேச்சை எடுத்தாலே பேப்பரால் முகத்தை மறைத்துக்கொள்ளும் மனிதர், "அப்படி என்னதான் படிக்கிறா அங்க?" என்றார். நீ சொன்னதில் எனக்குப் புரிந்த மட்டும் சொன்னேன். காற்று தாங்கமாட்டாத அளவு சூடானால் அணுவிலிருந்து எலக்ட்ரான் பிய்த்துக்கொண்டு போய்விடும், அதுதான் பிளாஸ்மா, மின்னல் ஓடிய வழியெல்லாம் அதுதான், சூரியனும் நட்சத்திரமும் முழுக்க அதுதான், சூரியனிலிருந்து கிளம்பி வருவது அங்கே மேலே காற்றில் மோதித்தான் ராத்திரி வானத்தில் நீ பார்க்கும் பச்சை வெளிச்சம் வருகிறது, வெல்டிங் கம்பி நுனியில் பளிச்சென்று எரிவதும் அதே வகைதான் என்றேன். வெல்டிங் பிடித்தே காய்த்துப்போன தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தார். "முப்பது வருஷமா என் கையில இருந்ததைப் படிக்கத்தான் போனாளா? எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றார். நீங்கள் கேட்கவேயில்லையே என்றேன். கொஞ்சம் கடுமைதான், ஆனாலும் சொல்லிவிட்டேன்.

இன்று காலை தன் போனை என்னிடம் நீட்டி, "அவ நம்பரைப் போட்டுக் குடு" என்றார். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவார். நீ எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும் கண்ணே. ஒன்று மட்டும் மறக்காதே, அவர் முதலில் பேசமாட்டார், தொண்டையைச் செருமிக்கொண்டே இருப்பார். நீ வைத்துவிடாதே.

இப்படிக்கு,
உன்னையே நினைத்திருக்கும்
அம்மா