பொத்தான் போட முடியாத பதினொரு சட்டைகள்

அனுப்புநர்:
தூய்மைப் பணிப் பெண்கள், பதினொரு பேர்,
கருவிக் கொட்டகை, சந்தைப் பின்தெரு.

பெறுநர்:
உயர்திரு சுகாதார அலுவலர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: சீருடைச் சட்டை பற்றாமல் போனதும், அதற்காக ஸ்டவ்வை அகற்றச் சொன்னதும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நாங்கள் குண்டாகிவிட்டோம். புகார்தான் எழுதுகிறேன், ஆனால் சந்தோஷமாக எழுதுகிறேன்.

1. போன வருடம் மீன் கடை வாசலில், குப்பை வண்டியைப் பிடித்தபடியே மயங்கி விழுந்தேன். உடம்பில் ரத்தமே இல்லை என்றார் நர்ஸம்மா. வீட்டில் ஆண்களும் பிள்ளைகளும் சாப்பிட்டபின் சட்டியைச் சுரண்டுவதுதான் எங்கள் பங்கு. பெருக்கும் தெருவிலோ, எங்கள் சாதிக்குத் தண்ணீரையே எட்டி நின்று கையில்தான் ஊற்றுவார்கள். சோற்றுக்கு எங்கே போவது?

2. அன்றிலிருந்து ஆளுக்கொரு ஆழாக்கு அரிசியும் கொஞ்சம் பருப்பும் கொண்டுவந்து கொட்டகையிலேயே ஒரு ஸ்டவ் வைத்துச் சமைக்கிறோம். வாரம் மூன்று நாள் முட்டை. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவதென்று சத்தியம் செய்துகொண்டோம். முதல் நாள், பிள்ளைகளுக்கு முன்னால் சாப்பிடுகிறோமே என்று அழுதுகொண்டே சாப்பிட்டோம். இரண்டாம் நாள் மறுசோறு கேட்டோம்.

3. போன வாரம் நர்ஸம்மா என் ரத்தத்தை இரண்டு தடவை சோதித்துவிட்டு, இது யாருடையது என்று கேட்டார். எனக்கு ஒரே பெருமை! சட்டைக்குத்தான் பொறுக்கவில்லை. நேற்று குனிந்து பெருக்கும்போது என் பொத்தான் தெறித்து, மேற்பார்வையாளர் ஐயாவின் டீயில் போய் விழுந்தது. பதினொரு பேரும் சிரித்தது தவறுதான். பொத்தான் போடாதவருக்கு வருகைப் பதிவு கிடையாது, தின்பதைக் குறைத்தால் சட்டை தானாகப் பற்றும், திங்கட்கிழமைக்குள் ஸ்டவ் வெளியே போக வேண்டும் என்று சொல்லிவிட்டார். ஸ்டவ் போனால் பழையபடி சட்டிச் சுரண்டல்தான். அதை நினைத்தால் பயமாக இருக்கிறது ஐயா.

4. தவறு எங்கள் உடம்பில் இல்லை. போன வருடம், நாங்கள் எலும்பாய் இருந்தபோது, சீருடைக்கு அளவெடுக்க வந்த தையல்காரம்மா எங்களைத் தொட மனமில்லாமல், பத்தடி தள்ளி நின்று கண்ணாலேயே அளந்துவிட்டுப் போனார். பதினொரு பேருக்கும் ஒரே அளவு, பட்டினி அளவு.

எனவே, ஒரு சட்டைக்காக எங்கள் வயிற்றில் அடிக்காமல், ஸ்டவ் இருந்த இடத்திலேயே இருக்கவும், புதுச் சட்டை தைக்கவும் தாங்கள் உத்தரவிட வேண்டும். இந்த முறை தையல்காரம்மா நாடாவோடு கிட்ட வந்து, தொட்டு அளக்கட்டும். நாங்கள் சாப்பிட்ட பிறகு அளக்கட்டும். அவருக்கும் ஒரு தட்டு எடுத்து வைக்கிறோம்.

இடம்: ஸ்டவ் பக்கத்தில்
நாள்: வியாழன், முட்டை நாள்

பதினொரு பேர் சார்பில்,
ஒட்டடைக்குச்சி
(பழைய பட்டப்பெயர். ஆளைப் பார்த்துச் சந்தேகப்பட வேண்டாம்.)