குழி டாட் காம்

ஜூன் 4

வாத்தியார் அண்ணனுக்கு,

நான் நலம். நீயும் அண்ணியும் நலமா? போனில் பேசினால் 'மீட்டிங்' என்று பாதியில் வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாதே, அதனால்தான் எழுதுகிறேன். நீ சொன்னபடி வீட்டுக்கு அனுப்பாமல் உன் ஆபீஸ் முகவரிக்கே அனுப்புகிறேன்.

லாரி வந்துவிட்டது. முதுகில் டேங்க், பக்கவாட்டில் மோட்டார், முப்பது மீட்டர் ஹோஸ். செப்டிக் டேங்க்கோ தெருச் சாக்கடைக் குழியோ, மூடியைத் திறந்து ஹோஸை விட்டால் அதுவே உறிஞ்சிக்கொள்ளும். அடியில் கெட்டிப்பட்டதைத் தண்ணீர் அடித்துக் கரைத்துவிடும். ஆள் உள்ளே போக வேண்டிய அவசியமே இல்லை. ஓட்டுவது டிரைவர் அக்கா, ஹோஸ் பிடிப்பது நான். முதல் வேலை ஒரு பள்ளிக்கூடத்தில். டேங்க்கைக் காலி செய்து மூடியைப் போட்ட பிறகு வாட்ச்மேன் கேட்டார், "உங்க ஆம்பளைங்க எப்பம்மா வருவாங்க?" "அவங்க வீட்ல சமைச்சிட்டு இருக்காங்க" என்றாள் அக்கா.

விஷயத்துக்கு வருகிறேன். நூற்றுநாற்பது வீடுகள் உள்ள ஒரு குடியிருப்பு வருஷக் காண்டிராக்டுக்கு ஆள் தேடுகிறது. மனு கொடுக்கப் போனேன். அலுவலக அரையில் இருந்த மேனேஜர் அம்மா தலையை நிமிர்த்தாமல், "வெப்சைட் இருக்கா?" என்றாள். "லாரி இருக்கு" என்றேன். "வெப்சைட் இல்லாத கம்பெனிய நாங்க பாக்கறதில்ல." கக்கூஸ் பொங்கி வழிந்தால் வெப்சைட்டா வந்து அள்ளும்? கேட்கிறார்கள், கொடுத்துத் தொலைப்போம். இம்மாதம் இருபத்தெட்டு கடைசி நாள்.

நீ பத்து வருஷமாக அந்த வேலைதானே பார்க்கிறாய். டொமைன் பெயர் ஒன்று வாங்கி, சின்னதாக ஒரு வெப்சைட் போட்டுக் கொடு. பெயரைப் பற்றி நீ மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். அது முடிவாகிவிட்டது: குழி.

அப்பாவின் நிஜப் பெயரை நம் தெருவில் யார் சொன்னார்கள்? "குழியக் கூப்பிடு", "குழி வந்துட்டானா", அவ்வளவுதான். நம் இரண்டு பேரையும் குழிக்குட்டிகள் என்றார்கள். லாரி வந்த அன்றும் அதே பேச்சுதான்: "குழி பொண்ணு வண்டி வாங்கிட்டாளாமே." முப்பது வருஷமாக ஊர் இலவசமாக விளம்பரம் செய்த பெயர். அதை விட்டுவிட்டு வேறு எதை வைப்பேன்?

அன்புத் தங்கை,
சில்வண்டு

*

ஜூன் 9

சில்வண்டுக்கு,

கடிதம் கிடைத்தது. கூடவே நீ வைத்திருந்த லாரிப் படத்தை நாலு தடவை பார்த்தேன். டேங்க்கின் மேலே ஏறி நிற்காதே, பார்க்கப் பயமாக இருக்கிறது.

'அலுவலக அரை' இல்லை, 'அறை'. அரை என்றால் பாதி. ர, ற தகராறு உனக்கு இந்த ஜென்மத்தில் தீராது போல.

டொமைன் விஷயத்தில் கொஞ்சம் நான் சொல்வதைக் கேள். இதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். ஒரு பெயரைப் போனில் ஒரு தடவை சொன்னால், கேட்கிறவர் தப்பில்லாமல் அடிக்க வேண்டும். ழவுக்கு இங்கிலீஷில் எழுத்தே கிடையாது. இசட், எச் என்று இரண்டைச் சேர்த்துச் சமாளிக்கிறோம். உன் வாடிக்கையாளர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்? இன்னொன்று, வீட்டுக்காரன் நாற்றத்தை மறக்கத்தான் உன்னைக் கூப்பிடுகிறான். பெயரிலேயே அது அடித்தால் எப்படி? ப்யூர் ஃப்ளோ, ஹோம் ஹைஜீன், க்ரீன் நெஸ்ட் என்று சிலவற்றை யோசித்து வைத்திருக்கிறேன். கடைசியாகச் சொன்னதை யாரும் இன்னும் எடுக்கவில்லை.

நான் செய்கிற வெப்சைட்டுகளை எல்லாம் அண்ணி வீட்டில் பார்ப்பார்கள். குழி என்று ஒன்று இருந்தால் கேள்வி வரும். உனக்குத் தெரியாததில்லை. அப்பா இருந்தால் அவரே வேண்டாம் என்றிருப்பார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்

*

ஜூன் 13

வாத்தியார் அண்ணனுக்கு,

'க்ரீன் நெஸ்ட்' என்று டிரைவர் அக்காவிடம் சொன்னேன். "ஏன், கோழிப் பண்ணையும் ஆரம்பிக்கப் போறியா?" என்றாள்.

உன் போன் சோதனையையும் செய்து பார்த்தேன். வாடிக்கையாளர்கள் சிலரைக் கூப்பிட்டு, "குழின்னு தேடிப் பாருங்க" என்றேன். மருந்துக்கடைக்காரர் கே, யூ, எல், ஐ என்று அடித்தார். கூலி ஆள் பிடித்துக் கொடுக்கும் ஆபீஸ் ஒன்று வந்ததாம். தையல்கார அக்காவுக்கு 'குஷி' என்று ஏதோ கல்யாண மண்டபம் வந்தது. லாண்டரிக்காரர் மட்டும் இசட், எச் சரியாகப் போட்டார். அந்தப் பள்ளிக்கூடத்து டீச்சர் தமிழிலேயே அடித்துவிட்டு, "தமிழ்ப் பேரத் தமிழ்ல அடிச்சா போன் கடிச்சிடுமா?" என்கிறாள். நீ சொன்னதில் பாதி சரி, ஒப்புக்கொள்கிறேன். எனக்கு ர, ற தகராறு இருப்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ழவில் எனக்குத் தகராறு கிடையாது. அந்த எழுத்தால் கூப்பிட்டுத்தான் என்னை வளர்த்தார்கள்.

அப்பா இருந்தால் வேண்டாம் என்றிருப்பாராம். அப்பா ஏன் இல்லை என்று எழுதேன் பார்ப்போம். கயிறு இல்லை, முகமூடி இல்லை, "அஞ்சு நிமிஷ வேலைதான், இறங்கு" என்று சூப்பர்வைசர் சொன்னான். உள்ளே விஷவாயு. 'கால் வழுக்கி விழுந்தார்' என்று கம்பெனி எழுதிக்கொடுத்த காகிதத்தில் நீதானே கையெழுத்துப் போட்டாய். அந்தக் கம்பெனிக்கும் வெப்சைட் இருக்கிறது, பார்த்தாயா? நல்ல இங்கிலீஷ் பெயர். முதல் பக்கத்தில் பச்சை இலை, அதன் நுனியில் ஒரு தண்ணீர்த் துளி. நாற்றம் என்பதே கிடையாது. இன்றைக்கும் ஆளை இறக்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அப்பாவைப் பைப்லைன் காண்டிராக்டர் என்று அண்ணி வீட்டில் சொல்லிவைத்தாய். உன் கல்யாணத்தில் உன் மாமனார் என் பக்கத்தில் உட்கார்ந்து, "உங்கப்பா எத்தனை பேர வெச்சு வேலை வாங்கினார்?" என்று கேட்டார். "எண்ணிக்கை ஞாபகமில்ல" என்றேன். உனக்காக அந்த ஒரு பொய்யை விழுங்கினேன். இன்னும் செரிக்கவில்லை. இன்னொன்றுக்கு வயிற்றில் இடம் இல்லை.

குழி. ழ போட்டு.

சில்வண்டு

*

ஜூன் 19

சில்வண்டுக்கு,

சரி தாயே, உன் பிடிவாதமே ஜெயித்தது. குழிதான்.

நாளைக் காலையிலிருந்து வேலை செய்யும். லாரியில் எழுத வேண்டிய எழுத்துகள்: கே, யூ, எல், ஐ, ஒரு சின்னக் கோடு, அப்புறம் கேர், டாட் காம். இசட், எச் போட்டால் ஜனங்கள் தடுமாறுவார்கள், அதனால் எல். வாயால் சொன்னால் குழி என்றுதான் கேட்கும். உனக்கு வேண்டியதும் அதுதானே.

ஒரு படம் வைத்திருக்கிறேன். வெறும் எழுத்து மட்டும் என்றால் பக்கம் மொட்டையாக இருக்கிறது. பார்த்துவிட்டுத் திட்டாதே.

அண்ணன்

*

ஜூன் 23

அண்ணனுக்கு,

முதல் போன்: "ஷவர் மாட்டிக் குடுப்பீங்களா?" அடுத்து ஒரு அம்மா, குழந்தையைக் குளிப்பாட்டும் தொட்டி என்ன நிறத்தில் இருக்கிறது என்று கேட்டாள். மத்தியானம் ஒருத்தர், மூட்டை தூக்க நாலு கூலி ஆள் வேண்டும் என்றார். "நாங்க செப்டிக் டேங்க் சுத்தம் பண்றவங்க" என்றேன். "சீ" என்று வைத்துவிட்டார்.

அப்புறம்தான் நீ செய்துவைத்ததைத் திறந்து பார்த்தேன். பக்கம் முழுக்க நீலம். நுரைக்கு நடுவில் உட்கார்ந்து ஒரு குழந்தை சிரிக்கிறது. அதன் தலைக்கு மேல் தமிழில், கொட்டை எழுத்தில்: குளி கேர்.

கை தவறிவிட்டது என்று எழுதாதே. அரைக்கும் அறைக்கும் என் காதைத் திருகுகிற ஆள் நீ. உன் கையில் ழ தவறி ள ஆகாது.

ஒரே எழுத்தில் அப்பாவைக் குளிப்பாட்டிவிட்டாய். குளிப்பாட்ட வேண்டிய அன்றைக்கு எங்கே இருந்தாய்? ஆஸ்பத்திரிப் பின்பக்கம், சிமெண்டு மேடையில், அவரோடு வேலை செய்த பெரியவரும் நானும்தான் குழாயைத் திறந்துவிட்டுத் தேய்த்தோம். மூன்று தடவை சோப்புப் போட்டோம். காதுக்குள், நகக்கண்ணுக்குள் எல்லாம் துணியைச் சுருட்டித் துடைத்தோம். நீ கதவுக்கு வெளியே கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாய். அன்றைக்கு உன்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்கிறேன். அவர் மேல் இருந்த அழுக்கை நாங்கள் எடுத்துவிட்டோம், அண்ணா. உன் மூக்கில் இருப்பது அவருடையது இல்லை.

அந்தப் பக்கத்தை இன்றே எடுத்துவிடு. என் பெயரை நானே வாங்கிக்கொள்கிறேன்.

*

ஜூலை 8

அண்ணனுக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. பக்கத்தை மட்டும் எடுத்துவிட்டாய், அதுவரைக்கும் நல்லது.

இந்தக் கடிதத்தை உன் வீட்டு முகவரிக்கு அனுப்புகிறேன். உறையைப் பார்த்திருப்பாய். புதிதாக அச்சடித்தது. குழி டாட் காம். குழி தமிழில், டாட் காம் இங்கிலீஷில். டீச்சர் சொன்னது சரி, தமிழ் எழுத்திலேயே டொமைன் வாங்கலாமாம். பிரவுசிங் சென்டர் பெண் அரைமணி நேரத்தில் முடித்துக் கொடுத்தாள். இங்கிலீஷில் அடிக்கிறவர்களுக்காக இசட், எச் போட்ட ஒன்றையும் சேர்த்துப் பிடித்துவிட்டேன். பத்து வருஷ அனுபவசாலிக்கு இது தெரியாதா என்று அவளிடம் கேட்கவில்லை. உனக்குத் தெரிந்திருக்கும்.

குடியிருப்பில் நடந்ததைக் கேள். இருபத்தெட்டாம் தேதி செயலாளர் கூப்பிட்டார். "எல்லாம் ஓகே. பேர மட்டும் கொஞ்சம் டீசன்டா மாத்திக்கிட்டா இன்னிக்கே கையெழுத்து" என்றார்.

"உங்க டேங்க்ல இருக்கறத நீங்க டீசன்டா மாத்திக் குடுங்க சார், நானும் மாத்திக்கறேன்" என்றேன்.

டிரைவர் அக்கா என் முழங்கையைக் கிள்ளினாள். மேனேஜர் அம்மா கம்ப்யூட்டருக்குப் பின்னால் குனிந்துகொண்டாள், சிரிப்பு என்று நினைக்கிறேன். காண்டிராக்ட் யாருக்குப் போயிற்று தெரியுமா? பச்சை இலைக் கம்பெனிக்கு.

போன வெள்ளிக்கிழமை காலையில் அந்த மேனேஜர் அம்மா போன் செய்தாள். "உங்க வெப்சைட்லேருந்து நம்பர் எடுத்தேன். இங்க ஒரு ஆளு சட்டையக் கழட்டிட்டு மூடி பக்கத்துல நிக்கிறான். மெஷின் ரிப்பேராம். உங்க முதல் பக்கத்துல ஒண்ணு போட்டிருக்கே, அதப் படிச்சப்புறம் இத என்னால பாத்துட்டு இருக்க முடியல. சீக்கிரம் வாங்க" என்றாள்.

போனோம். அந்த ஆளுக்கு உன் வயசு இருக்கும். ஒரு காலை உள்ளே வைத்துவிட்டான். "ஏறுங்க" என்றேன். சூப்பர்வைசர், "நீ யாரும்மா?" என்றான். "குழி" என்றேன். அக்கா லாரியைக் கொண்டுவந்து குழிக்கும் சூப்பர்வைசருக்கும் நடுவில் நிறுத்திவிட்டாள். அவன் லாரிக் கதவைத் தட்டினான், கத்தினான், யாருக்கோ போன் போட்டான். பால்கனிகளில் ஜனங்கள் வந்து நின்றார்கள். நான் ஹோஸை இறக்கினேன். நாற்பது நிமிஷத்தில் டேங்க் காலி. அந்த ஆள் சட்டையைப் போட்டுக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தான். கிளம்பும்போது எங்கள் லாரியில் இருக்கும் பெயரை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தான்.

காண்டிராக்ட் இன்னும் வரவில்லை. வரும், வராமல் போகும். வெப்சைட்டில் படம் எதுவும் கிடையாது. அந்த மேனேஜர் அம்மாவைப் போன் எடுக்க வைத்தது இந்த ஒரே வரி:

உள்ளே யாரும் இரங்க மாட்டோம்.

குழி மகள்

*

ஜூலை 14

சில்வண்டுக்கு,

அனுப்புநர் இடத்தில் வீட்டு முகவரி போட்டிருக்கிறேன், பார்.

உன் உறையை வாங்கியது அண்ணிதான். நான் வேலையிலிருந்து வந்ததும் கையில் வைத்துக்கொண்டு, "யாருங்க குழி?" என்று கேட்டாள். ஏதாவது சொல்லியிருக்கலாம். வாடிக்கையாளர் என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது.

"எங்கப்பா" என்றேன்.

"அவர் காண்டிராக்டர்னீங்க?"

"உள்ள இறங்கின ஆளு."

மூன்றாம் நாள்தான், துணி மடித்துக்கொண்டே, "முன்னாடியே சொல்லியிருந்தா உங்களக் குழியிலயா தள்ளியிருப்பேன்? எட்டு வருஷமா என்னைப் பத்தி என்னன்னு நெனச்சீங்க?" என்றாள். மாமனாருக்கு இன்னும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை போய்ச் சொல்ல வேண்டும். அண்ணியும் வருகிறேன் என்கிறாள். எனக்குத் துணைக்கா, வேடிக்கை பார்க்கவா என்று தெரியவில்லை.

அந்த ள கை தவறி விழவில்லை. நான் போட்டதுதான். தமிழில் வாங்கலாம் என்பதும் தெரியும். கைக்குட்டையைப் பற்றி நீ எழுதியதை மட்டும் திரும்பப் படிக்க முடியவில்லை. மடித்துப் பையில் வைத்திருக்கிறேன்.

உன் வெப்சைட்டைப் பார்த்தேன். முதல் பக்கத்தில் ஒரு பிழை. 'இரங்க மாட்டோம்' என்று போட்டிருக்கிறாய். சின்ன ர போட்டால் பரிதாபப்பட மாட்டோம், மனம் இளக மாட்டோம் என்று அர்த்தம். கீழே போவதற்குப் பெரிய ற. இறங்க மாட்டோம். அந்த மேனேஜர் அம்மா எதைப் படித்து உன்னைக் கூப்பிட்டாளோ.

கடவுச்சொல் அனுப்பு. நானே திருத்துகிறேன். வேறு எதிலும் கை வைக்க மாட்டேன்.

அண்ணன்

*

ஜூலை 18

வாத்தியார் அண்ணனுக்கு,

கடவுச்சொல் அக்கா போனிலிருந்து வரும். உன் மேல் கோபம் தீரவில்லை, தீர்ந்தால் சொல்லி அனுப்புகிறேன். அண்ணியைக் கேட்டதாகச் சொல். அவள் வந்தால் லாரியில் முன்சீட் அவளுக்கு, நீ பின்னால் ஹோஸோடு தொங்கிக்கொண்டு வா.

ஞாயிற்றுக்கிழமை உன் மாமனார் பழைய கேள்வியைக் கேட்டால், தங்கச்சிக்கு எண்ணிக்கை ஞாபகம் வந்துவிட்டது என்று சொல். அப்பா ஒருத்தரையும் வைத்து வேலை வாங்கவில்லை. எல்லாரும் சேர்ந்து அவரை வேலை வாங்கினார்கள்.

பெரிய ற போட்டுத் திருத்திவிடு. ஆனால் பழைய வரியை அழித்துவிடாதே, அதற்கும் வேலை இருக்கிறது. இப்படி இரண்டு வரியாகப் போடு:

உள்ளே யாரும் இறங்க மாட்டோம்.
இறக்குகிறவர்களுக்கு இரங்க மாட்டோம்.

கீழ் வரியில் சின்ன ர. அதைத் திருத்தாதே. இந்தத் தடவை தெரிந்துதான் எழுதியிருக்கிறேன்.

குழி மகள்