நீலப் பெட்டிப் பால்

22 ஜனவரி 2025, புதன்

வேலைக்குத் திரும்பி மூன்றாம் நாள். காலை பதினொன்றுக்கு 110 மில்லி, மதியம் இரண்டரைக்கு 90. முதல் நாள் இரண்டும் சேர்த்து 260 வந்தது. பாட்டில் கோட்டைப் பார்த்துப் பார்த்துக் கண்ணே வலிக்கிறது.

மிஷின் வைத்துத் தாய்ப்பால் எடுக்கக் கிடைத்த இடம் ஆஸ்பத்திரி ஸ்டோர் ரூம். குளுக்கோஸ் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் ஒரு ஸ்டூல். கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. முதுகைக் கதவில் அழுத்திக்கொண்டு உட்கார வேண்டும். வெளியே செருப்புச் சத்தம் கேட்டால் போதும், இறங்கிக்கொண்டிருந்த பால் அப்படியே நின்றுவிடுகிறது.

தடுப்பூசி ஃப்ரிட்ஜில் வேறு எதையும் வைக்கக்கூடாது. தயிர்சாதம் வைத்தவர்களை நானே திட்டியிருக்கிறேன், இப்போது போய் என் பாட்டிலை எப்படி வைப்பது? கழித்துப்போட்ட பழைய தடுப்பூசிப் பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கினேன். நீலப் பெட்டி, வார் அறுந்தது. நாலு ஐஸ் பேக் போட்டால் சாயங்காலம் வரை தாங்கும். ராத்திரி வீட்டு ஃப்ரிட்ஜில் இருந்துவிட்டு, மறுநாள் பகலில் பிள்ளை ஆதிரைக்கு என் வீட்டுக்காரர் கொடுப்பார்.

பால் சொசைட்டியில் டிகிரி குழாய் விட்டுப் பாலின் தரம் பார்த்து வாங்கும் வேலை அவருக்கு, காலை எட்டு மணியோடு முடிந்துவிடும். பிறகு பிள்ளையோடுதான். சாயங்காலக் கறவைக்கு அவளையும் தூக்கிக்கொண்டு சொசைட்டிக்குப் போவார். நான் அங்கே போய் அவளை வாங்கிக்கொள்வேன். இந்த மலையில் இப்படி ஒரு ஆம்பளை என்று எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

24 ஜனவரி, வெள்ளி

180.

நேற்றைய பாட்டிலின் அடியில் ஒரு மூடி அளவு பால் மிச்சம். கழுவும் இடத்தில் ஊற்றக் கை வரவில்லை. தாய்ப்பால் மிச்சத்தைக் கால் படுகிற இடத்தில் கொட்டக்கூடாது, பால் கசிகிற மரத்தடியில்தான் ஊற்றவேண்டும், இல்லாவிட்டால் வற்றிவிடும் என்பது எங்கள் ஊர் வழக்கம். பி.எஸ்சி. நர்ஸிங் படித்தவள் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் பலாமரத்தடிக்குப் போனேன். அவர் சிரித்தார். சிரிக்கட்டும்.

27 ஜனவரி, திங்கள்

சாயங்காலம் மார்பில் வைத்தால் இரண்டு நிமிஷம். முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு கத்துகிறாள். பசி இல்லையா? பால் இல்லையா? ஐந்து மாதம் ஆகப்போகிறது, நீளமாகிவிட்டாள். மடியில் குறுக்கே போட்டால் கால் கட்டில் கம்பியில் இடிக்கிறது, அதை உதைத்து விளையாடுகிறாளே தவிர குடிப்பதில்லை.

"பகல்ல நல்லா குடிக்கிறாளா?" என்று கேட்டேன்.

"குடிக்கிறா, குடிக்கிறா" என்றார். என்னைப் பார்க்காமல் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

29 ஜனவரி, புதன்

இன்று தாய்மார் வகுப்பு. பதினோரு பெண்கள். எப்படிப் பிடிப்பது, எப்படிப் பிழிவது, எப்படிப் பத்திரப்படுத்துவது என்று ஒரு மணி நேரம் பேசினேன். "எடுத்து வெச்ச பாலு பிரிஞ்சி நிக்கும், பயந்துடாதீங்க, லேசா சுத்தி ஆட்டுனா சேர்ந்துடும்" — எல்லாம் கிளிப்பிள்ளை மாதிரி. ஒரு பெண் கேட்டாள், "உங்களுக்கு நல்லா பாலு வருதாங்க சிஸ்டர்?"

வருது என்றேன். 150 என்று சொல்லவில்லை.

1 பிப்ரவரி, சனி

மார்த்தாக்கா இன்று பிடித்துக்கொண்டார். எனக்குப் பதினைந்து வருடம் சீனியர், ஒடுகத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் மலை ஏறுகிறவர். ஸ்டோர் ரூம் கதவைத் தட்டி உள்ளே வந்து, மிஷின் கப்பைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"இன்னா வாணி இது, கப்பு இம்மாம் பெருசா கீது? காம்பு மட்டும் உள்ள போவணும். சுத்தி இருக்கறதெல்லாம் இழுத்தா புண்ணாவுமே தவிர பால் வராது. நீ நர்ஸா இல்ல நர்ஸ் வேஷம் போட்டிருக்கியா?"

சின்ன கப் ஒன்று வேலூரிலிருந்து வாங்கி வருவதாகச் சொன்னார். பிறகு பிள்ளையைக் கக்கத்தில் இடுக்கிப் பிடிக்கிற மாதிரி ஒரு தலையணையை வைத்துக் காட்டினார். கால் பின்பக்கம் போய்விடும், உதைக்க எதுவும் இருக்காது. எத்தனை பேருக்கு நான் இதே தலையணையை வைத்துக் காட்டியிருக்கிறேன். எனக்கென்று வரும்போது எல்லாம் மறந்துபோகிறது.

5 பிப்ரவரி, புதன்

அங்கன்வாடியில் எடை. போன மாதம் 6.100. இன்று 6.150.

ஒரு மாதத்தில் ஐம்பது கிராம். சுந்தரம்மாள் அக்கா இரண்டு தடவை எடை போட்டுப் பார்த்தார். அட்டையில் கோடு ஏறாமல் படுத்துக்கிடக்கிறது. "வேலைக்குப் போற புள்ளைக்கு எப்படிம்மா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். நிறுத்தாமல் முழுசாகவே சொல்லியிருக்கலாம்.

மூன்று நாளாக வெளிக்கும் போகவில்லை. இன்று போனது கெட்டி, உருண்டையாக. முக்கி முக்கி முகம் சிவந்து அழுதாள்.

"வேற ஏதாச்சும் குடுத்தீங்களா?" என்று அவரைக் கேட்டேன்.

"இன்னா குடுக்கப் போறேன்? கொஞ்சம் தண்ணி."

தண்ணீர் கூடாது என்று சண்டை போட்டேன். ராத்திரி பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு, "பேசாம வேலைய வுட்டுடேன் வாணி" என்றார்.

அப்படியா? இதற்குத்தானா? என்னைப் படி படி என்று சொல்லிப் படிக்க வைத்த மனுஷன் சொல்கிற வார்த்தையா இது? இந்த மலையில் எங்கள் ஆட்களிலிருந்து நர்ஸ் ஆனவர்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம். ஆனால் அந்த அட்டை கண்ணிலேயே நிற்கிறது. அடுத்த எடைக்குள் ஏறாவிட்டால் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடுவேன். முடிவு பண்ணிவிட்டேன்.

6 பிப்ரவரி, வியாழன்

140. சின்ன கப் வந்தும் 140தான்.

8 பிப்ரவரி, சனி

படுத்துக்கொண்டு கொடுத்துப் பார்த்தேன். ஒருக்களித்து, அவள் முதுகுக்குப் பின்னால் சுருட்டிய துப்பட்டா வைத்து. நாலு நிமிஷம் குடித்தாள். அந்த நாலு நிமிஷமும் மூச்சுக்கூட விடாமல் கிடந்தேன். பிறகு தலையைத் திருப்பிக்கொண்டு அவரைத் தேடினாள். பாட்டிலை வைத்திருக்கிறவர் அவர்தானே.

பொறாமையாக இருந்தது. எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் பொறாமைதான்.

10 பிப்ரவரி, திங்கள்

இடது பக்கம் கல் மாதிரி கட்டி. தொட முடியவில்லை. 100.

11 பிப்ரவரி, செவ்வாய்

இன்று நடந்ததை எழுதிவிடுகிறேன்.

காலையிலிருந்தே குளிர் ஜுரம், மார்பு சிவந்துவிட்டது. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார், மார்த்தாக்கா திட்டி வீட்டுக்கு அனுப்பினார். பன்னிரண்டு மணி இருக்கும். வீட்டில் முன்கதவு திறந்து கிடந்தது, உள்ளே ஆள் இல்லை. பின்பக்கம் போனேன்.

ஆதிரையைத் தோளில் போட்டுக்கொண்டு பலாமரத்தடியில் குனிந்து நிற்கிறார். கையில் என் பாட்டில். நேற்று அந்த வலியோடு, கதவில் முதுகை முட்டுக்கொடுத்து நான் எடுத்த நூறு மில்லி. மெதுவாக, சாமிக்கு ஊற்றுகிற மாதிரி, வேரில் ஊற்றுகிறார். அங்கே மண் வெளுத்துப்போயிருக்கிறது. ஒரு நாள் ஊற்றிய இடம் இல்லை அது.

நான் போட்ட சத்தத்தில் பிள்ளை அழுதது.

"இன்னா பண்றீங்க? என் பாலை இன்னா பண்றீங்க?"

மிச்சப் பாலோடு பாட்டிலை என் பக்கம் நீட்டினார். "திரிஞ்சி போச்சு வாணி. தெனம் திரிஞ்சிதான் வருது" என்றார்.

மேலே மஞ்சளாக ஏடு, கீழே நீலம் பாரித்த தண்ணீர். இருபது வருடமாகக் கேனைத் திறந்து பார்த்தே பாலை எடைபோடுகிறவர். சொந்தச் சித்தப்பா சிங்காரத்தின் பாலையே தண்ணீர் என்று திருப்பி அனுப்பிய ஆள். அவர் கண்ணுக்கு என் பால் கெட்ட பால்.

"அப்ப அவளுக்கு இன்னா குடுத்தீங்க?"

"சொசைட்டி பாலு. முதல் கறவை, நல்ல டிகிரி. நல்லா காச்சி, தண்ணி கலந்து."

ஐந்து மாதப் பிள்ளைக்கு மாட்டுப் பால்! அதனால்தான் கெட்டிப்பட்டிருக்கிறது. அதனால்தான் வயிறு நிறைந்து சாயங்காலம் என்னிடம் வரவில்லை. அவள் குடிக்காததால் எனக்கும் குறைந்துகொண்டே போயிருக்கிறது. மூன்று வாரம்! மூன்று வாரப் பாலும் மரத்துக்குப் போயிருக்கிறது.

"ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினேன்.

"சொசைட்டியில ஒருத்தன் பாலைத் திருப்பினாலே அவன் மூஞ்சிய பாக்க முடியாது. உங்கிட்ட எப்படி சொல்வேன்? நொந்துபோனா இருக்கறதும் வத்திடும்னு... அதான் கண்ட எடத்துல ஊத்தாம இங்க ஊத்துனேன்."

கத்தினேன், அழுதேன். இன்னும் கோபம் தீரவில்லை. ஆனால் எழுத எழுத ஒன்று உறைக்கிறது. புதன்கிழமைக்குப் புதன்கிழமை ஊர்ப் பெண்களுக்கெல்லாம் சொல்கிறேன், பால் பிரிந்து நிற்கும், பயப்படாதீங்க என்று. பாட்டிலைத் தினமும் கையில் வாங்குகிற என் புருஷனுக்குச் சொல்லவில்லை. பாலைப் பற்றி அவருக்குத் தெரியாதா என்று நினைத்துவிட்டேன்.

13 பிப்ரவரி, வியாழன்

ஜுரம் விட்டது. டாக்டர் பத்து நாள் லீவு கொடுத்தார். வீட்டுக்காரரோடு பேச்சு இல்லை. மாட்டுப் பால் நிறுத்தியாகிவிட்டது. ஆதிரை மார்பைப் பார்த்தாலே முகத்தைத் திருப்புகிறாள்.

15 பிப்ரவரி, சனி

அவரை நானாகத்தான் கூப்பிட்டேன். ஃப்ரிட்ஜிலிருந்து பாட்டிலை எடுத்து, வெதுவெதுப்பான தண்ணீர்ச் சொம்பில் நிறுத்தி, லேசாகச் சுற்றினேன். ஏடு கரைந்து ஒரே பாலாகச் சேர்ந்தது. கிட்ட குனிந்து பார்த்தார், டிகிரி குழாயைப் பார்க்கிற மாதிரியே.

"அட" என்றார். அவ்வளவுதான். பிறகு அப்படியே உட்கார்ந்துவிட்டார். "நம்ம வூட்டு பாலையே திருப்பிட்டேனே வாணி" என்று சொல்லும்போது குரல் உடைந்தது. என் கோபம் அங்கே முடிந்தது. வருத்தம் முடியவில்லை.

17 பிப்ரவரி, திங்கள்

நாள் முழுக்க அவளைத் தோலோடு தோலாகப் போட்டுக்கொண்டு கிடக்கிறேன். சாய்ந்து படுத்துக்கொண்டு, அவளை என் மேல் கவிழ்த்து, அவளே தேடட்டும் என்று விட்டுவிட வேண்டும். வற்புறுத்தக் கூடாது. வாசலில் யார் வந்தாலும் அவரே பேசி அனுப்புகிறார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மிஷின். சமையல் அவர்தான். ரசத்தில் உப்பு இல்லை, சொல்லவில்லை.

தேடினாள். முகர்ந்தாள். அழுதாள். பாட்டில் கொடுத்தோம், துளித்துளியாக வருகிற சின்ன நிப்பிளில்.

19 பிப்ரவரி, புதன்

விடியற்காலை அரைத்தூக்கத்தில் அவளாகவே வாய் வைத்தாள். பதினொரு நிமிஷம்.

23 பிப்ரவரி, ஞாயிறு

கக்கத்தில் இடுக்கினால் இடது பக்கம் குடிக்கிறாள். வலது பக்கத்துக்குப் படுத்தால்தான் ஆச்சு. மகாராணி.

நாளை மறுபடி வேலை. பயமாக இருக்கிறது. எழுதிக் கொடுத்துவிடலாமா? "மார்ச் எடை வரைக்கும் பாரு. இந்த தடவ ஏறலன்னா தப்ப என் கணக்குல வெச்சிக்க" என்கிறார்.

26 பிப்ரவரி, புதன்

170. வகுப்பில் இன்று, "உங்க வூட்டுக்காரரையும் அடுத்த வாரம் கூட்டிட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பினேன். எல்லோரும் வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.

5 மார்ச், புதன்

எடைத் தராசில் அவளைப் படுக்க வைத்தேன். 6.550.

சுந்தரம்மாள் அக்கா கோடு போட்டார். ஏறுகிறது. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அக்கா பிள்ளையை வாங்கிக்கொண்டு, "எத்தினி பேருடி இப்டி அழுவீங்க" என்றார்.

இன்றிலிருந்து சாமைக்கஞ்சி, இரண்டு ஸ்பூன். துப்பிவிட்டாள்.

14 மார்ச், வெள்ளி

காலையில் ஒரே கூட்டம், பதினொன்றுக்குப் பால் எடுக்க முடியவில்லை. மதியம் இரண்டேகாலுக்கு ஆஸ்பத்திரி வாசலில் வண்டிச் சத்தம். அவர்தான், ஆதிரையை வேட்டித் துணியில் நெஞ்சோடு கட்டிக்கொண்டு. எனக்கு உயிரே போய்விட்டது.

"ஒன்னுமில்ல. நீ வெச்சதெல்லாம் குடிச்சிட்டா. இன்னும் வேணுமாம். சுத்தி ஆட்டி கடைசி சொட்டு வரைக்கும் குடுத்தேன், பத்தல" என்றார். ஏதோ பரிசு வாங்கியவர் மாதிரி நிற்கிறார்.

ஸ்டோர் ரூமுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். ஸ்டூலில் உட்காருவதற்குள் ரவிக்கையைப் பிடித்து இழுத்துவிட்டாள். வெளியே யாரோ நடக்கிற சத்தம் கேட்டது. பழக்கத்தில் என் முதுகு கதவை அழுத்தியது. கதவு அசையவில்லை. அந்தப் பக்கம் அவர் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். "உள்ள ஆளிருக்குதுங்க, அப்பறம் வாங்க" என்று யாரிடமோ சொல்வது கேட்டது.

இருபத்தைந்து நிமிஷம் குடித்தாள். மிஷினைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. நீலப் பெட்டி காலியாகத்தான் வீட்டுக்குப் போனது. பலாமரத்துக்கும் இன்று ஒன்றுமில்லை.