உங்கள் படமும் ரஞ்சனின் பெட்டியும்

அண்ணை, போன சனிக்கிழமை பாரிசில், எங்கடை சனத்தின் கடைத்தெருவான லா சப்பலில் மரக்கறி வாங்கப் போன கடையில் உங்களைக் கண்டேன். மிளகாய்த்தூள் பைகளுக்கும் தொலைபேசி அட்டைகளுக்கும் நடுவில், வெயிலில் வெளிறிப்போன சீடி உறையில், கோட்டும் கழுத்துப் பட்டியுமாகச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். உள்ளே அதே சீடிதான் ஓடிக்கொண்டிருந்தது. கடைக்காரர் மேசையில் விரலால் தாளம் போட்டபடி, "கேளுங்கோ, அந்த வயசிலையும் மனுசன் என்ன அடி அடிக்கிறார்" என்றார். எடுத்த வெண்டிக்காயை அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

அந்தச் சீடியில் நீங்கள் ஓர் அடிகூட அடிக்கவில்லை. அடித்தது எங்கள் இசைக்குழுத் தலைவர் ரஞ்சனின் ரிதம் பெட்டி, பொத்தானை அமத்தினால் தானே தாளம் போடும் மெஷின். இத்தனை வருடமாக அதைக் கேட்டு உருகும் இந்தச் சனத்தின் காதுகளை எதற்காகத்தான் கடவுள் ஒட்டிவைத்தாரோ தெரியவில்லை.

நீங்கள் யார் என்று இவர்களுக்குத் தெரியுமா? கொட்டாஞ்சேனையில் வளர்ந்து, கொழும்பு ஹோட்டல்களில் வெள்ளைக்காரத் துரைமார் சோடி சோடியாக ஆடிய காலத்தில், ஸ்விங் என்னும் ஜாஸ் நடன இசைக்குழுக்களுக்கு டிரம்ஸ் அடித்தவர். எங்கள் குழு பெட்டியின் தாளத்தோடு வாசித்த, நீங்கள் கிலுக்கு மட்டும் ஆட்டிய கலியாண வீடுகளுக்குப் போகும் வான் வண்டியில், என் பேஸ் கிட்டார் பெட்டியில் கையை ஊன்றிக்கொண்டு நீங்களே சொன்ன கதைகள் இவை. இசைத்தட்டுகளும் பதிந்தீர்கள். ஆனால் தட்டின் வட்டத் தாளில் தலைவர் பெயரும் பாடகி பெயரும் மட்டும். "பெரிய டிரம்மை உதைச்சா தட்டிலை பதியிற ஊசி துள்ளுமாம். போர்வையாலை மூடச் சொன்னவங்கள். நானும் மூடினன்" என்று சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உங்கள் பணிவு எனக்கு எப்போதுமே எரிச்சலைத்தான் தந்தது.

இரண்டாயிரத்து ஒன்பதில் வன்னியில் சனம் செத்துக்கொண்டிருந்தது. இங்கே யாருக்கும் மேளம் கேட்க மனமிருக்கவில்லை. எங்கள் இசைக்குழுவும் படுத்துவிட்டது. அது அடங்கி, மறுபடி மண்டபங்கள் திறந்ததும், குழுத் தலைவர் ரஞ்சனுக்கு ஒரு ஞானம் பிறந்தது. ஜாஸ் என்ற சொல் சுவரொட்டியில் எடுப்பாக இருக்குமாம். ரஞ்சனை உங்களுக்குத் தெரியும். மணிக்கட்டில் தங்கச் சங்கிலி, உடம்பெல்லாம் வாசனைத் தண்ணீர், மைக்கைப் பிடித்தால் "என் இனிய உறவுகளே" என்று அழுகுரல். சுருதி எது, குளிர்பெட்டி இரைவது எது என்று பிரித்தறியாத ஆள். அவர்தான் உங்களை ஒலிப்பதிவுக்கு அழைத்தார்.

பாரிசுக்கு வெளியே சார்செலில், அடுக்குமாடிக்குக் கீழே ஒரு நிலவறை. கம்பிப் பிரஷ்களைத் துவாயில் சுற்றி எடுத்துக்கொண்டு ரயிலில் வந்திறங்கினீர்கள். அன்றைக்கு உங்களை யாரும் எதையும் மூடச் சொல்லவில்லை. பிரஷ் சின்ன டிரம்மில் வட்டமிட்டபோது சுளகில் அரிசி கொழிக்கிற சத்தம் வந்தது. நூறு கலியாணத்தில் நாங்கள் வாசித்துச் சலித்த அதே பாட்டு, உங்கள் கை பட்டதும் தோளை ஆட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கியது. இரண்டாவது சரணத்தில் நான் வாசிக்க மறந்து நின்றுவிட்டேன். நீங்கள் நிமிர்ந்து பார்த்து, "தம்பி, வேலையைப் பாரும்" என்றீர்கள்.

ஒரு கிழமைக்குப் பிறகு ரஞ்சன் சொன்னார்: "அண்ணையின்ரை அடி அங்கை இஞ்சை ஆடுது. சனத்துக்கு டக்கு டக்கெண்டு நேராய் வேணும். நான் பெட்டியிலை போட்டுட்டன். அவரின்ரை பதிவை அழிச்சாச்சு, சும்மா இடத்தைப் பிடிக்குது." ஆடுவதுதான் ஸ்விங் என்று அந்த மூளைக்கு யார் விளங்கப்படுத்துவது. பதிவை அழித்தவர் படத்தை அழிக்கவில்லை. உறையில் பெரிய எழுத்தில் உங்கள் பெயர்.

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். வெளியீட்டு விழாவில் சால்வை போர்த்தி, "உங்கடை கைதானே அண்ணை" என்று ஆளாளுக்குக் கட்டிப்பிடித்தபோது, நீங்கள் "ஓம், ஓம்" என்று பல்லைக் காட்டினீர்கள். எனக்குக் காறித் துப்பலாம் போலிருந்தது. ரஞ்சன் ரஞ்சன்தான், அவரிடம் எதை எதிர்பார்ப்பது? நீங்களுமா? அதன் பிறகு உங்களோடு தேவைக்கு மேல் நான் பேசவில்லை. உங்களுக்கும் அது விளங்கியது. நீங்களும் கேட்கவில்லை.

நீங்கள் இறந்து முப்பத்தோராம் நாள் நினைவுக்கு மண்டபம் நிறைந்திருந்தது. நினைவு மலரில் உங்களுக்குத் ‘தாளச் சக்கரவர்த்தி’ பட்டம். உயிரோடு இருந்தபோது உங்களைச் சாப்பாட்டுப் பந்தியில் கடைசியில் இருத்தியவர்கள் கொடுத்தது. ரஞ்சன் மேடையில் ஏறி, மூக்கை உறிஞ்சி, "அண்ணையின்ரை கை இன்னும் பேசுது" என்று அந்தச் சீடியைப் போட்டார். எல்லோரும் எழும்பி நின்று கண்ணைத் துடைத்தார்கள். டக்கு டக்கு. சொல்லிவிடுவதென்று நான் மேடையை நோக்கி நடந்தேன். முன்வரிசையில் இருந்த உங்கள் மனைவி என் சட்டைக் கையைப் பிடித்தார்.

"இரும் தம்பி. அது அவர் இல்லையெண்டு எனக்குத் தெரியும்."

நான் இருந்தேன்.

"விழா முடிஞ்சு வந்த அண்டைக்கே சொன்னவர். ‘கொழும்பிலை அடி என்ரை, பேர் ஆரின்ரையோ. இதிலை பேர் என்ரை, அடி ஆரின்ரையோ. கணக்குச் சரியப்பா’ எண்டு சிரிச்சவர்." என் சட்டைக் கையை விட்டுவிட்டு, "பிறகு சாப்பிடாமல் படுத்திட்டார்" என்றார்.

அவருக்கு முன்னால் எழும்பிக் கத்த எனக்கு மனம் வரவில்லை. வடையைத் தின்று, தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்தேன்.

ஆனால் அந்தக் கணக்குச் சரியில்லை அண்ணை. அதை நான் இன்றைக்கும் ஒப்புக்கொள்ளவில்லை. கொழும்பில் உங்களைப் போர்வைக்குக் கீழே வைத்தார்கள், சார்செலில் அழித்தார்கள். மூடாமல் நீங்கள் அடித்ததைக் கேட்டவர்களில் இப்போது மிச்சம் ரஞ்சனும் நானும். அந்த ஆளின் காதில் எதுவும் தங்காது. அந்த அரிசி கொழிக்கும் சத்தம் என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. எனக்கும் வயது எழுபதை நெருங்குகிறது. நானும் போன பிறகு, அந்தப் பெட்டிதான் நீங்கள்.